பெட்டியில் கோளாறு இல்லை

ஒன்பது வருடமாக நான் காத்திருந்த பெயர் ஒரு புதன்கிழமை காலையில் எங்கள் சர்வீஸ் பட்டியலில் வந்து நின்றது. குழந்தைவேலு, வயது எழுபத்தொன்று, வடவள்ளி. நினைவுப் பெட்டியில் பேக்கப் முடிவதில்லை, ஐந்து மாதமாக முப்பத்தேழாவது நிமிடத்தில் அறுந்துபோகிறது, மூன்று முறை ஆள் வந்தும் தீரவில்லை என்று குறிப்பு. வேறொருவருக்குப் போயிருந்த புகார் அது. அவரிடம் பேசி, என் பங்கிலிருந்த இரண்டு சுலபமான வீடுகளைத் தள்ளிவிட்டு இதை வாங்கிக்கொண்டேன். வடவள்ளி எனக்குப் பக்கம் என்று சொன்னேன். என் வீடு ஊரின் அந்தக் கோடியில், கணபதியில் இருக்கிறது.

நினைவுப் பெட்டி எல்லார் வீட்டிலும் இருக்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் மாட்டுகிற ஒரு வெளி டிரைவ்தான் அது, உள்ளங்கை அகலம் இருக்கும். நெற்றியில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், வாரம் முழுக்க மண்டையில் சேர்ந்ததெல்லாம் பெட்டிக்குப் போகும். அதை இறக்குவது என்போம். மறதி நோய்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. இறக்கி முடித்ததும், அந்த வாரத்தில் அழிந்துபோனதைப் பெட்டி திரும்பவும் மண்டைக்குள் ஏற்றும். இறக்குவது பாதியில் நின்றால் ஏற்றுவது தொடங்கவே தொடங்காது. மனிதர் வாரத்துக்கு வாரம் கரைந்துகொண்டே போவார். ஐந்து மாதம் என்றால் குழந்தைவேலு பெரும்பாலும் கரைந்திருப்பார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்த ஆள் எல்லாவற்றையும் மறந்து தப்பித்துவிடக் கூடாது.

என் தம்பி மௌலீஸ்வரன், எங்களுக்கு மௌலி, குழந்தைவேலு மேனேஜராக இருந்த பவுண்டரியில் உலை பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்து நான்கு வயது. மின்சார உலையைச் சுற்றிக் குழாயில் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீர் கசிந்து உருகிய இரும்பில் பட்டால் உலை வெடித்துவிடும். கசிந்தால் கத்துவதற்கென்றே ஒரு அலாரம் உண்டு. அன்றைக்கு அது கத்தியது, யாரோ அணைத்தார்கள், உலை வெடித்தது. மௌலி போய்விட்டான். இன்னும் இரண்டு பேருக்குக் கண் போனது. தான் ஆபீஸ் அறையில் இருந்ததாகவும், பையன் தன்னிஷ்டத்துக்கு அலாரத்தை அணைத்துவிட்டு இரும்பை ஊற்றியதாகவும் விசாரணையில் குழந்தைவேலு சொன்னார். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் என் தம்பியின் பெயரை எழுதினார்கள். கண் போனவர்களில் ஒருவருடைய மனைவி எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

மௌலியை எனக்குத் தெரியாதா? அடுப்பு கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற பயல் அவன். அலாரத்தை அணைக்கிற ஆளே இல்லை. விசாரணை முடிந்து வெளியே வந்தபோது குழந்தைவேலு என் அம்மாவின் முன்னால் கைகூப்பி, "பையன் அவசரப்பட்டுட்டானுங்கம்மா" என்றார். கண்ணில் ஈரம் வேறு. பொய்யைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன், அந்த ஈரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மேனேஜர்களுக்கெல்லாம் கம்பெனியே நினைவுப் பெட்டி கொடுத்திருக்கிறது என்று அப்போது கேள்விப்பட்டேன். பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு மாறினேன். அவர் செய்தது அவர் மண்டையில் இருக்கிறது, மண்டையில் இருப்பது பெட்டியில் இருக்கும், பெட்டி என்றைக்காவது பழுதாகும். பழுதாகாத டிரைவ் உலகத்தில் கிடையாது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். ஒன்பது வருடமாகத் தெய்வம் நின்றுகொண்டேதான் இருந்தது, அதனால் நான் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் திறந்தது அவருடைய மனைவி கமலவேணி அம்மா. ஒல்லியான உடம்பு, தூங்காத கண்.

"வாங்க அம்மிணி. நீங்களாச்சும் சரி பண்ணிக் குடுத்துருங்க. இவிய போன வாரம் என்னையப் பாத்து, நீங்க எந்த ஊருங்கன்னு கேக்கறாங்க. நாப்பத்தாறு வருசம் கூட வாழ்ந்திருக்கறேன் நானு."

குழந்தைவேலு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பருப்பையும் தோலையும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். விசாரணை நடந்த அன்று பின்வரிசையில் உட்கார்ந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தவள் நான். நல்லாயிருந்த காலத்திலேயே அவர் என்னைக் கவனித்திருக்க மாட்டார்.

கமலவேணி அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். மோர் தரட்டுமா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். அந்த வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்கக் கூடாது என்று வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

பெட்டியை மேசைமேல் துணி விரித்துத் தயாராக வைத்திருந்தார். பளபளவென்று துடைத்திருந்தது. முதலில் வந்தவர் கேபிளை மாற்றியிருக்கிறார், இரண்டாமவர் சாப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார், மூன்றாமவர் பட்டைதான் கோளாறு என்று சொல்லிப் புதுப் பட்டை கொடுத்திருக்கிறார். ஒருவர்கூட அந்த முப்பத்தேழு நிமிடமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. நான் பட்டையை அவர் நெற்றியில் மாட்டி, என் லேப்டாப்பில் பெட்டியைச் சொருகி, உட்கார்ந்து பார்த்தேன். அவர் நெற்றியைத் தொட வேண்டியிருந்தது. தொட்டேன். பிறகு கையை என் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

கேபிள் கோளாறு என்றால் கண்ட கண்ட நேரத்தில் அறும். தினமும் ஒரே நிமிடத்தில் அறுந்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம். முப்பதாவது நிமிடத்தில் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. முப்பத்தேழில் விளக்கு அணைந்து டிரைவ் காணாமல் போனது. உள்ளே விசிறி ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். காற்று போகிற ஓட்டைகளெல்லாம் உள்பக்கமாக அடைத்திருந்தன. மஞ்சளாக, கட்டியாக ஏதோ காய்ந்துபோயிருந்தது. விசிறியின் இறக்கைகளில் சிவப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சந்தனம். சிவப்பு, குங்குமம்.

"ஏனுங்கம்மா, இந்தப் பெட்டிய எங்க வெச்சிருப்பீங்க?"

"சாமி அலமாரிலதானுங்க."

"இதுக்குப் பூசை பண்ணுவீங்களா?"

அவர் முகம் மாறியது. "இவியளுக்கு நோவு வந்ததுக்கு அப்பறம்தானுங்க அம்மிணி. இவிய இதுக்குள்ளதான இருக்கறாங்கன்னு டாக்டர் சொன்னாரு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சாமிக்கு வெக்கறப்ப இதுக்கும் நாலு பக்கமும் சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, ஒரு பூவு வெப்பேன். ஆளு வர்ற அன்னைக்கு மட்டும் நல்லாத் தொடச்சு எடுத்து வெச்சுருவேன். அழுக்கா இருந்தா என்ன நெனப்பாங்க."

இப்படித்தான் மூன்று பேரும் ஏமாந்திருக்கிறார்கள். துடைத்த பெட்டியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அந்தச் சந்தனம் ஓட்டையில எறங்கி அடைச்சுக்கிச்சுங்கம்மா. காத்துப் போகல. பெட்டி சூடாகி நின்னு போகுது."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நாந்தானா? நான் பண்ணுனதுதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு மனசு கொஞ்சம் இளகியது, பொய் சொல்ல மாட்டேன். அதை உடனே இறுக்கிக்கொண்டேன். என் அம்மாவும் ஒன்பது வருடமாக, அவனை அந்த வேலைக்கு அனுப்பியது நான்தானே என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு யார் இளகினார்கள்?

பழைய பெட்டி இனி தேறாது. பையிலிருந்து புதுப் பெட்டியை எடுத்தேன். இது ஓட்டையே இல்லாத ரகம், சூட்டை உடம்பாலேயே வெளியே தள்ளிவிடும். பழையதை மேசை விசிறிக்கு முன்னால், ஐஸ் கட்டி வைத்த தட்டின் மேல் நிறுத்தி, உள்ளே இருந்ததைப் புதியதற்கு மாற்ற ஆரம்பித்தேன். ஐஸ் தீரத் தீர கமலவேணி அம்மா ஓடி ஓடி எடுத்து வந்தார்.

"எல்லாமே இருக்குதுங்களா உள்ள?"

"இருக்குதுங்க. அடுக்கடுக்கா இருக்கும். ஒரு விசயத்த நாம நெனச்சுப் பாக்கறப்ப எல்லாம் அது சித்த மாறுது. பெட்டி பழசத் தொடைக்காம, மாறுனத மேல மேல அடுக்கி வெச்சுக்கும். ஏத்தறப்ப மேல இருக்கற அடுக்கத்தான் ஏத்தும்."

"மேல இருக்கறது கெட்டுப்போயிருந்தா?"

"கெட்டுப்போச்சுன்னு நாங்க எழுதிக் குடுத்தா, அதுக்குக் கீழ எது நல்லா இருக்குதோ அத ஏத்தும். ஊட்டு ஆளு ஒருத்தர் கையெழுத்துப் போடோணும்."

அப்போது நான் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னேன். என் திட்டம் வேறு.

நினைவுக்குள் எட்டிப் பார்க்க எங்களுக்கு வழி கிடையாது, சட்டமும் விடாது. ஆனால் பழுது பார்த்து முடித்ததும் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. மூன்று நாட்களைப் பற்றி வாடிக்கையாளரை வாய்விட்டுச் சொல்லச் சொல்வோம். சொல்வதும் பெட்டியில் இருப்பதும் ஒத்துப்போனால் பச்சை விளக்கு எரியும், ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. ஒன்று நல்ல நாள், ஒன்று சாதாரண நாள், மூன்றாவது நாங்கள் தேர்ந்தெடுப்பது. மூன்றாவதற்கு எப்போதும் ஒரு சாவைத்தான் கேட்போம், ஏனென்றால் கெட்ட நாள்தான் மங்காது. அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் ஒன்பது வருடம் இந்தப் பையைச் சுமந்தேன். அவர் பொய் சொல்லுவார், சிவப்பு எரியும், அதைக் கட்டின மனைவி பார்க்கட்டும் என்று நினைத்திருந்தேன்.

பதினொன்றரைக்கு மாற்றி முடிந்தது. இறக்கினேன், ஏற்றினேன். ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தைவேலு கண்ணைத் திறந்து, மடியிலிருந்த தட்டைப் பார்த்து, "இதென்ன தோலும் பருப்பும் ஒண்ணாக் கெடக்குது" என்றார். பிறகு நிமிர்ந்து, "வேணி, இந்தப் பாப்பாவுக்கு மோரு கீரு குடுத்தியா?" என்றார்.

கமலவேணி அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். ஐந்து மாதம் கழித்துத் தன் பெயரைக் கேட்கிறார். நான் அவர்களை அழ விட்டுவிட்டுக் கேள்விகளை எடுத்தேன்.

கல்யாண நாளைக் கேட்டேன். பேரூர்க் கோயிலில் மழை, மாப்பிள்ளை வண்டி நொய்யல் பாலத்தில் நின்றுபோனது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பச்சை. சாதாரண நாளாக மகள் முதல்முறை சைக்கிள் ஓட்டியதைக் கேட்டேன். பச்சை. அப்புறம் தேதியைச் சொன்னேன்.

"உங்க பவுண்டரில உலை வெடிச்ச நாளுங்க. சொல்லுங்க."

அவர் முகம் வாடியது. "அத எதுக்கு அம்மிணி கேக்கற. நல்ல பையன் அவன். நான் ஆபீஸ் ரூம்ல இருந்தேன். அலாரம் கத்துனது எனக்குக் கேக்கல. அவனே அமத்திப்போட்டு ஊத்திருக்கான். நான் ஓடியாறதுக்குள்ள முடிஞ்சு போச்சு." கண் கலங்கியது. "பையன் அவசரப்பட்டுட்டான்."

விளக்கைப் பார்த்தேன். பச்சை.

திரும்பவும் கேட்டேன். வார்த்தை மாறாமல் சொன்னார். பச்சை. அப்படியென்றால் மௌலிதான் செய்தானா? ஒன்பது வருடமாக நான்தான் பைத்தியக்காரியா? லேப்டாப்பைத் திருப்பி அந்த நாளின் அடுக்குகளைப் பார்த்தேன். அறுபத்திரண்டு இருந்தன. சாதாரணமாக ஒரு நினைவுக்கு ஐந்தாறு இருக்கும், சாவுக்குப் பத்து. இந்த ஆள் அந்த நாளை அறுபத்திரண்டு முறை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். சொல்லிச் சொல்லி, தனக்கே சொல்லி, கடைசியில் அதுவே அவருக்கு உண்மையாகிவிட்டது. அந்தக் கண்ணீர் நடிப்பே இல்லை. அவர் மனசாரத் தன்னை நம்பிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? பொய்க்காரனைப் பிடித்து உலுக்கலாம். இந்த ஆளை என்ன செய்வது? என் தம்பியைக் குற்றவாளியாக்கிவிட்டு, அதையும் மறந்துவிட்டு, அவனுக்காக அழவும் செய்கிறார்.

அடிமட்ட அடுக்கின் தேதியைப் பார்த்தேன். விபத்து நடந்தது வெள்ளிக்கிழமை. அந்த அடுக்கு இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை இறக்கியது. விசாரணைக்கு ஐந்து வாரம் முந்தியது.

"அம்மா, ஒரு நெனப்பு மட்டும் மேலடுக்கு கெட்டுருக்குதுங்க. கீழடுக்க ஏத்தோணும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நீங்க சொன்னாச் சரிதான் அம்மிணி" என்று படிக்காமலே போட்டார்.

இந்த வேலையில் நான் ஒரு பொய் அறிக்கை எழுதியதில்லை. அன்றைக்கு எழுதினேன். மேல் அறுபத்தோரு அடுக்கும் சேதம் என்று குறித்தேன். சேதம் என்று குறித்தால் அந்த நினைவின் மேல் தானாக ஒரு பூட்டு விழும். அதற்கப்புறம் அதன்மேல் எதுவும் அடுக்காது. வாராவாரம் ஏற்றும்போது, அதோடு புதிதாக ஒட்டியிருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு அந்த அடுக்கை மட்டும் ஏற்றும். பூட்டியவர்தான் திறக்க முடியும். திரும்பவும் அவர் பொய்யைக் கட்டி எழுப்பிவிடாமல் இருக்க அது நல்லது என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன்.

பன்னிரண்டு நிமிடம் ஆனது. கண்ணைத் திறந்தவர் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றேன்.

"அலாரம் கத்துச்சு" என்றார். குரல் வேறாக இருந்தது. "நான் அவன் பக்கத்துலதான் நின்னேன். தண்ணி கசியுதுங்க சார், கரண்ட்ட நிறுத்தீரலாம்னான். கப்பலுக்குப் போற சரக்கு, இந்த ஒரு ஊத்து முடியட்டும்னேன். முடியாதுங்க சார்னான். நாந்தான் அமத்துனேன். இந்தக் கையிலதான். அமத்திட்டு, நான் பாத்துக்கறேன் நீ ஊத்துடான்னு சொல்லிப்போட்டு..." நிறுத்தினார். "சொல்லிப்போட்டு நான் ஆபீஸ் ரூமுக்குப் போயிட்டேன்."

பச்சை விளக்கு எரிந்தது. பொய்க்கு எரிந்த அதே பச்சை.

கமலவேணி அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னங்க சொல்றீங்க? என்னங்க இது?" என்றார். அவர் மனைவியைப் பார்க்கவே இல்லை. எழுந்து செருப்பைத் தேடினார்.

"அவுங்க ஊட்டுக்குப் போகோணும். அவனுக்கு ஒரு அக்கா இருக்குது, கம்ப்யூட்டர் வேல பாக்குதுன்னு சொல்லுவான். அதுகிட்டச் சொல்லோணும். நேத்துக்கு முந்தின நாள்தான செத்தான், இன்னும் காரியம்கூட ஆகியிருக்காது."

அவருக்கு மட்டும் மௌலி முந்தாநாள் செத்திருந்தான். சர்வீஸ் சீட்டு ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் மௌலியின் அக்கா என்று போட்டு என் நம்பரை எழுதினேன். "இதுதானுங்க அவங்க நம்பர். போன் பண்ணிச் சொல்லுங்க" என்றேன். பையை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

லாலி ரோடு சிக்னலில் நிற்கும்போது போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டி எடுத்தேன். குழந்தைவேலு எல்லாவற்றையும் சொன்னார், அழுதார், மன்னிக்கச் சொல்லவில்லை, அதுவரை பரவாயில்லை. "அவன் மேல தப்பில்லீங்கம்மிணி, என்ற மேலதான்" என்றார். நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ரோட்டோரத்தில் நின்று சத்தம் போட்டு அழுதேன். ஒன்பது வருட அழுகை. பிறகு போனைத் துண்டித்தேன்.

மறுநாள் ஒரு வக்கீலைப் பார்த்தேன். மறதி நோய்க்காரர் சொல்வது சாட்சியாகாது, பெட்டியில் இருப்பதைக் கோர்ட்டு தொடவே தொடாது என்றார். அறிக்கையில் மௌலியின் பெயர் அப்படியேதான் இருக்கும். சரி, எனக்காவது தெரிந்ததே என்று எழுந்து வந்தேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது.

"ஏனுங்க, மௌலிக்கு அக்காங்களா? நான் பவுண்டரி மேனேஜர் குழந்தைவேலு பேசறேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும் அம்மிணி."

போன வாரம் சொன்னது அவருக்குத் தெரியவே இல்லை. எனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. சொல்லிவிட்டோம் என்ற நினைவு அந்த நாளோடு ஒட்டியது. ஒன்பது வருடம் ஆகிவிட்டது என்று யார் சொன்னாலும் அதுவும் அந்த நாளோடு ஒட்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டி இரண்டையும் துடைத்துவிட்டது. அவருக்கு மௌலி மறுபடியும் முந்தாநாள்தான் செத்திருக்கிறான். நான் எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும் அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது. என் லேப்டாப்பைத் திறந்து பூட்டை எடுக்க இரண்டு நிமிடம் போதும். லேப்டாப் எதிரிலேயே இருந்தது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

அம்மா முழுதும் கேட்டாள். முடிந்ததும் மௌலி படத்தின் முன்னால் போய் நின்று, "கண்ணு, நீயில்லடா, நீயில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஒரு நாளுக்காக நான் செய்தது எதற்கும் வருத்தப்பட மாட்டேன்.

மூன்றாவது ஞாயிறும் கேட்டாள். நான்காவது ஞாயிறு போன் அடித்தபோது, "போதும் ரேணுகா, உட்டுடு. அந்த மனுசன் அழுகறதக் கேக்க முடியல" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. அறுபத்தோரு தடவை பொய்யை அடுக்கியவர்தானே, அறுபத்தோரு ஞாயிறாவது உண்மையைச் சொல்லட்டும் என்று எனக்கு நானே கணக்கு வைத்துக்கொண்டேன். வெளியூர்க் கல்யாணங்களுக்குப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை வேலை எடுப்பதில்லை. பதினொரு மணிக்கு மேசை முன்னால் உட்கார்ந்துவிடுவேன். இது யாருக்குத் தண்டனை என்று அம்மா ஒரு நாள் கேட்டாள். ஏதோ வேலை இருப்பது போல எழுந்து போனேன்.

பதின்மூன்று ஞாயிறு போனபின், ஒரு வியாழக்கிழமை மதியம் வேறொரு நம்பரிலிருந்து போன் வந்தது.

"அம்மிணி, நான் வடவள்ளி கமலவேணி பேசறேனுங்க. பெட்டில என்னமோ கோளாறாட்ட இருக்குது. சித்த வந்து பாக்கறீங்களா?"

"என்ன கோளாறுங்க?"

"வாரா வாரம் உங்ககிட்டச் சொல்லீர்றாங்க. அடுத்த வாரம் அது அவியளுக்கு நிக்க மாட்டேங்குது. புதுசா, அப்பத்தான் நடந்த மாதிரி... ரெண்டு நாளு சோறு எறங்கறதில்ல. செவ்வாக்கெழமைக்கு மேல கொஞ்சம் தெளியறாங்க. அப்பறம் ஞாயித்துக்கெழம வந்துருது."

'உங்ககிட்ட' என்ற சொல் எனக்கு உறைக்க ஒரு நொடி ஆனது. அவர் அதை உணர்ந்தவர் போல மெதுவாகச் சொன்னார்.

"சீட்டுல முன்னாடி சர்வீஸ் ஆளோட நம்பர்னு உங்க நம்பர், பின்னாடி அந்தப் பையனோட அக்கா நம்பர். ரெண்டும் ஒரே நம்பருங்க அம்மிணி. மொத நாளே பாத்தேன்."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உப்பத் தின்னவிய தண்ணி குடிக்கத்தான் வேணும். அந்தத் தாயிக்கு இவிய பண்ணுனதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? வேண்டாம்னு சொல்ல எனக்கு வாயில்ல. ஆனா பட்டைய மாட்டாம உட்டா என்ற பேரு மறந்துபோகுது. மாட்டுனா இது வருது. போன வெள்ளிக்கெழம..." குரல் உடைந்தது. "போன வெள்ளிக்கெழம நானே கெட்டியாச் சந்தனம் அரைச்சு, பெட்டி முச்சூடும் அப்பி வெச்சேன். பழைய மாதிரி பாதில நின்னு போகட்டும், பழி என்ற மேல வராதுன்னு. இந்தப் பெட்டி நிக்கவே மாட்டேங்குது அம்மிணி."

அந்தப் பெட்டியில் ஓட்டை கிடையாது. அவர் வீட்டுக்கென்று நானே தேர்ந்தெடுத்துக் கொண்டுபோனது.

"வாங்க. அன்னைக்கு ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்காமப் போனீங்க. இந்தத் தடவ ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாம்."

லேப்டாப் திறந்தே இருந்தது. அந்த வீட்டுப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, பூட்டு இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இறக்கறது முழுசா முடியுதுங்களா?"

"முடியுது."

"ஏத்தறது?"

"அதுவும் முடியுது."

"முடிஞ்சதும் பெட்டில பச்சை எரியுதுங்களா?"

"எரியுதுங்க அம்மிணி."

விரலை எடுத்தேன்.

"அப்ப பெட்டில கோளாறு எதுவும் இல்லீங்கம்மா" என்றேன். அவர் சரிங்க என்று வைத்துவிட்டார். புதுப் பெட்டிக்குப் பத்து வருட உத்தரவாதம் என்று சொல்ல மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றே கால் ஆனது. போன் அடிக்கவில்லை. பதினொன்றரை ஆனது. அந்த அம்மாள் பட்டையை மாட்டாமல் விட்டிருப்பாளோ, தன் பெயரே போனாலும் போகட்டும் என்று அவரை விட்டுவிட்டாளோ என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். போனைத் திருப்பித் திருப்பி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் அம்மா நின்று என்னையே பார்த்தாள்.

பதினொன்று நாற்பதுக்கு அடித்தது.

"ஏனுங்க, மௌலிக்கு அக்காங்களா?"

"ஆமாங்க" என்றேன். "நீங்க யாருங்க?"